அறுவடை நேரத்தில் கப்பல் ஏன் வருகிறது?

கேள்வி: வலிகாமத்தில் தோட்டம் செய்கிறேன். வயது 34. அப்பாவின் காணியோடு சேர்த்து 12 பரப்பு (16 பரப்பு ஒரு ஏக்கர்). கடந்த மாரியில் பாதிக் காணியில் உருளைக்கிழங்கு வைத்தேன். கிழங்கு கிண்டிய வாரத்திலேயே வெளிநாட்டுக் கிழங்கு சந்தைக்கு வந்து விலையை விழுத்திவிட்டது. விதைக்கிழங்குக்குப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அரசாங்கம் எங்கள் அறுவடையைப் பார்த்துக்கொண்டிருந்துதான் இறக்குமதி செய்கிறதா? இறக்குமதி வரியைக் கூட்டப்போகிறார்கள் என்று சொல்கிறார்கள். அதை நம்பி இம்முறையும் வைக்கலாமா? கனடாவில் இருக்கும் அக்கா, “காசு தருகிறேன், ஏற்றுமதிக்கு ஏதாவது செய்” என்கிறார். எது சரி? (ஒரு கமக்காரர், யாழ்ப்பாணம்)

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன். வரியை நம்பிக் கிழங்கு வைக்காதீர்கள். வரி ஒரு சதமும் இல்லாவிட்டாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவுக்கு மட்டும் வையுங்கள். அது எத்தனை பரப்பு என்பதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் விலை எப்படி விழுகிறது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது போக வேண்டிய இடம் வேறு.

கிழங்கைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் தனியார் இறக்குமதியாளர்கள். கிழங்கு எங்கே மலிவோ, எப்போது மலிவோ, அங்கே அப்போது வாங்குவது அவர்களுடைய தொழில். நீங்கள் மாரியில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டுகிறீர்கள். உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் குளிர்காலப் பயிர் அறுவடையாவது ஏறக்குறைய அதே மாதங்களில்தான். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்துக் கிழங்கும் அதற்குச் சற்று முன்னிருந்தே வரத் தொடங்கிவிடும். ஆக, ஆண்டு முழுவதிலும் தெற்காசியாவில் உருளைக்கிழங்கு மிக மலிவாகக் கிடைக்கும் காலமும் யாழ்ப்பாணத்துக் கிழங்கு சந்தைக்கு வரும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இதற்கு யாருடைய சதியும் தேவையில்லை. குளிர் வேண்டும் பயிரை அவர்களும் குளிர்காலத்தில் வைக்கிறார்கள், நாமும் வைக்கிறோம். அவர்களிடம் குளிரூட்டிய களஞ்சியங்கள் நிறைய இருக்கின்றன. நமக்குக் கிண்டிய கிழங்கை உடனே விற்றாக வேண்டும்.

கிழங்குக்குப் பதிலாக நீங்கள் வைக்கக்கூடிய வெங்காயத்தின் நாட்காட்டி வேறு. மகாராஷ்டிரத்துப் பெரிய வெங்காயத்தின் பிரதான அறுவடை மார்ச் முதல் மே வரை. அதைச் சேமித்து வைத்து விற்றுக்கொண்டே வருவார்கள். செப்டெம்பர் தாண்டும்போது கையிருப்பு குறைந்து விலை ஏறும். அந்த நேரத்தில் மழை பிழைத்தால் இந்திய அரசு தன் நுகர்வோரைக் காப்பாற்ற ஏற்றுமதியைத் தடுக்கும். 2019 செப்டெம்பரிலும் 2020 செப்டெம்பரிலும் தடை வந்தது. 2023 ஓகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள், அது போதாதென்று டிசெம்பர் 8 அன்று முழுத் தடையும் விதித்தார்கள். 2024 ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 தொன்னுக்கு மட்டும் தனி அனுமதி தந்தார்கள். கொழும்பில் பெரிய வெங்காயம் எட்டாத விலைக்குப் போனால் இல்லத்தரசிகள் சின்ன வெங்காயத்தைப் பார்ப்பார்கள், அதன் விலையும் கூடவே ஏறும். யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்தின் விலையில் ஒரு பங்கு மகாராஷ்டிரத்து நாசிக்கின் மழையாலும் புதுடில்லியின் உத்தரவாலும் தீர்மானமாகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது பின்னால் உதவும்.

இனி வரி. உருளைக்கிழங்கு, வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு, சீனி போன்றவற்றுக்கு 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விசேட பண்ட அறவீடு விதிக்கப்படுகிறது. பலவகை வரிகளுக்குப் பதிலாக, கிலோவுக்கு இத்தனை ரூபா என்று ஒரே அறவீடு. நிதி அமைச்சர் ஒரு வர்த்தமானி (அரச இதழ்) அறிவித்தலால் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். இரவில் அறிவித்தல் வந்து காலையில் நடைமுறைக்கு வரும். நட்டுவிட்டுக் காத்திருக்கும் உங்களுக்கோ மூன்று மாதத்துக்கு மேல் தேவை.

அந்த அறவீட்டை மூன்று பக்கத்திலிருந்து இழுக்கிறார்கள். ஒரு பக்கம் நகரத்து நுகர்வோர். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதைப் பார்த்த எந்த நிதி அமைச்சரும் உணவு விலை ஏறுவதை நினைத்தால் பயப்படத்தான் செய்வார். இன்னொரு பக்கம் திறைசேரி, அதாவது அரச கருவூலம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டுக்குப் பிறகு வருமானத்தின் ஒவ்வொரு ரூபாவும் எண்ணப்படுகிறது. துறைமுகத்தில் கிலோக் கணக்கில் வசூலாகும் அறவீடு சுலபமான வருமானம். கப்பலே வராவிட்டால் அந்த வருமானமும் வராது. மூன்றாவது பக்கம் நுவரெலியா, பதுளை, யாழ்ப்பாணக் கமக்காரர்கள். எண்ணிக்கையிலும் சத்தத்திலும் இந்த மூன்றில் பலவீனமான பக்கம் நாம்தான். அறவீடு கூடும் என்று முன்கூட்டியே செய்தி கசிந்தால் வியாபாரிகள் அதற்கு முன்பே கிழங்கை இறக்கிக் களஞ்சியத்தில் நிரப்பிவிடுவார்கள். கூட்டிய வரியின் பலன் உங்கள் சந்தையில் தெரிவதற்குள் உங்கள் கிழங்கு விற்று முடிந்திருக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணி ஒன்றைக் கமக்காரர் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. அது டொலரின் விலை. கணக்கு புரிவதற்காக, கொழும்பில் வந்திறங்கும் கிழங்கு கிலோ 25 அமெரிக்கச் சதம் என்று வைத்துக்கொள்வோம். டொலர் 200 ரூபாவாக இருந்த காலத்தில் அது 50 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட (அதன் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்க விட்ட) பிறகு, அந்த ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபா வரை போனது. அப்போது அதே கிழங்கு 90 ரூபா. எந்த வர்த்தமானியும் இல்லாமல் உங்களுக்குக் கிலோவுக்கு 40 ரூபா பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. பிறகு ரூபா தேறியது. 2024 முடிவில் டொலர் 290 ரூபாவை ஒட்டி நின்றது. அதே கிழங்கு 73 ரூபாவுக்குக் கீழே வந்துவிட்டது. யாரும் வரியைத் தொடாவிட்டாலும் உங்கள் பாதுகாப்பில் 17 ரூபாவுக்கு மேல் கரைந்துவிடும்.

டொலர் ஏறியபோது ஏறிய உங்கள் செலவு, டொலர் இறங்கியபோது முழுதாக இறங்கவில்லை என்பதுதான் வேதனை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. இறைப்பு இயந்திரம் வைத்திருப்பவர்கள் யாரும் அந்த நாளை மறக்கமாட்டார்கள். பின்னர் விலை குறைந்தது, ஆனால் பழைய இடத்துக்கு வரவேயில்லை. கூலியும் அப்படித்தான், ஏறியது நின்றுவிட்டது. விதைக்கிழங்கில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து டொலரில் வருகிறது. பசளையும் அப்படியே. உங்கள் செலவு பழைய இடத்துக்கு இறங்கவில்லை, உங்களோடு போட்டியிடும் கிழங்கின் விலையோ இறங்கிவிட்டது. சென்ற போகத்தில் உங்களை நசுக்கியது பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

ரூபாவைத் தேற்றியதில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் உறவுகளும் அனுப்பும் பணத்துக்கும் உல்லாசப் பயணிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. 2024இல் அப்படி அனுப்பப்பட்ட பணம் மட்டும் சுமார் 6.6 பில்லியன் டொலர். நாட்டுக்கு அது உயிர்மூச்சு, சந்தேகமில்லை. ஆனால் தோட்டம் செய்பவருக்கு அதன் ஒரு விளைவு, இறக்குமதிக் கிழங்கு மலிவாவது. இதை யாருடைய குற்றமாகவும் சொல்லவில்லை. ஒரே டொலர் வீட்டுக்கு நன்மையாகவும் தோட்டத்துக்குப் பாதகமாகவும் இருக்க முடியும்.

ஏற்றுமதிப் பயிருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். டொலர் ஏறினால் தேயிலைக்கு ரூபாவில் அதிக விலை கிடைக்கும். 2022இல் தேயிலை மலைகள் நன்றாகச் சம்பாதித்திருக்க வேண்டிய ஆண்டு. ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினாலும், பசளை காணாத செடி உடனே திரும்பவில்லை. 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2022இல் ஏறக்குறைய 251 மில்லியனுக்கு விழுந்தது. விலை கிடைத்த நேரத்தில் கொழுந்து இல்லை. நாட்டின் கையிலிருந்த வெளிநாட்டு நாணய ஒதுக்கு 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்து கரைந்துகொண்டிருந்த காலம் அது. பசளைக்குச் செலவாகும் டொலரை மிச்சம் பிடிக்கப் போய், தேயிலையால் வரும் டொலரையும் இழந்து, பிறகு அரிசி வாங்க டொலர் தேடவேண்டி வந்தது. இறக்குமதியைத் தடுத்தால் உள்நாட்டு விவசாயம் தானாக வளரும் என்று இன்றும் மேடைகளில் பேசுபவர்கள் இந்த ஒன்றரை ஆண்டுக் கதையை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பேசும்போது நம் ஊரில் உடனே நினைவுபடுத்தப்படுவது 1970கள். உண்மைதான். அந்நியச் செலாவணி இல்லாத அந்த ஆண்டுகளில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது, தெற்கு முழுவதும் யாழ்ப்பாணத்தை எதிர்பார்த்தது. வலிகாமத்தில் அந்த வருமானத்தில் எழுந்த கல்வீடுகள் இன்றும் நிற்கின்றன. 1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இருந்த பாதுகாப்புப் போனது. அந்தப் பாதுகாப்பை நிரந்தரமென்று நம்பிக் கிணறு வெட்டியவர்களும் இயந்திரம் வாங்கியவர்களும் தவித்துப்போனார்கள். பிறகு வந்த போர், பொருளாதாரத் தடை, தெற்கோடு யாழ்ப்பாணத்தை இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது இவற்றையெல்லாம் நீங்கள் அப்பாவிடம் கேட்டிருப்பீர்கள். 1970களின் பொற்காலத்தைச் சொல்பவர்கள் அது எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது கமக்காரரின் திறமையால் மட்டும் வந்த காலமல்ல. கொழும்பில் ஒரு கொள்கை இருந்தவரை இருந்தது. ஒரு வரவு செலவுத் திட்டத்தோடு போய்விட்டது.

2020இல் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் கிட்டத்தட்ட அதே கதை. கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்குப் போனது. பாக்குநீரிணையில் மஞ்சள் மூட்டைகள் பிடிபட்ட செய்தி வாரந்தோறும் வந்தது. நம்பி மஞ்சள் நட்டவர்களில் முதலில் விற்றவர்கள் பிழைத்தார்கள்.

இனி உங்கள் 12 பரப்புக்கு வருகிறேன்.

முதலில், உங்கள் ஒரு கிலோ கிழங்கின் அடக்க விலையைக் கணக்கிடுங்கள். விதை, பசளை, மருந்து, இறைப்பு, கூலி, கடன் வட்டி, இவற்றோடு நீங்களும் அப்பாவும் அம்மாவும் நின்ற நாட்களுக்கும் கூலி போடுங்கள். பெரும்பாலானோர் விடும் பிழை இந்தக் கடைசி வரிதான். பிறகு, சந்தையில் விற்கும்போது 100 கிலோவுக்கு 10 கிலோ கழிவு என்று எடுக்கும் வழக்கம் உங்கள் சந்தையிலும் இருந்தால் அதையும் கழியுங்கள். கிலோ 150 ரூபா விற்றால் அதில் 15 ரூபா கழிவாகவே போகிறது. கொழும்பில் வரியை 15 ரூபா கூட்டச் சொல்லி மறியல் செய்யத் தயாராக இருக்கிறோம். பக்கத்துச் சந்தையில் போகும் 15 ரூபாவைக் கேட்கத் தயங்குகிறோம். பிரதேச சபையில் கேட்டுத் தீர்க்கக்கூடிய விடயம் இது. கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து கேளுங்கள்.

இரண்டாவது, இறக்குமதிக் கிழங்கு கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணம் வர 400 கிலோமீற்றர் லொறிக் கூலி கொடுக்க வேண்டும். இது யாரும் வர்த்தமானியில் நீக்க முடியாத பாதுகாப்பு. வடக்கு உண்ணும் அளவுக்குள் நம் கிழங்கு இருக்கும்வரை அந்தக் கூலி உங்கள் பக்கம் நிற்கும். மிஞ்சியதைத் தெற்கே தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு அனுப்ப வேண்டி வந்தால் அதே கூலி உங்களுக்கு எதிராகத் திரும்பும். எல்லோரும் ஒரே ஆண்டில் காணி முழுக்கக் கிழங்கு வைத்தால் விலை விழ இறக்குமதியே தேவையில்லை. ஆகவே ஒக்டோபரில், விதைக்குப் பணம் கட்டுமுன், உங்கள் கமநல சேவை நிலையத்தில் இம்முறை எத்தனை பேர் விதைக்கிழங்குக்குப் பதிந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வரி இல்லாமல் வந்திறங்கும் கிழங்கின் விலையோடு லொறிக் கூலியையும் வியாபாரியின் இலாபத்தையும் கூட்டுங்கள். உங்கள் அடக்க விலை அதற்குக் கீழே இருந்தால் நான்கு பரப்பு வரை வையுங்கள். மேலே இருந்தால் இரண்டோடு நிறுத்துங்கள். கடன் தீரும்வரை பாதிக் காணியைக் கிழங்குக்கு ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

சின்ன வெங்காயத்துக்குக் கூடுதல் இடம் கொடுங்கள். அதன் விதை உங்கள் கையிலேயே இருக்கிறது, டொலர் தேவையில்லை. பிடியாகக் கட்டிக் காற்றோட்டமான கொட்டிலில் தொங்கவிட்டால் இரண்டு மூன்று மாதம் பொறுக்கும். நான் முன்னே சொன்ன இந்திய நாட்காட்டியை இங்கே பயன்படுத்துங்கள். ஆண்டின் நடுவில் வரும் சிறுபோக வெங்காயத்தில் ஒரு பகுதியை உடனே விற்று, மிச்சத்தைச் செப்டெம்பர் கடந்து விற்கும்படி வைத்திருங்கள். இந்தியாவில் விலை ஏறும் ஆண்டில் நல்ல இலாபம் கிடைக்கும். ஏறாத ஆண்டில் எடை இழப்பும் அழுகலும் போகச் சிறு நட்டம் வரலாம். முழுவதையும் கட்டிவைக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான். மீதிக் காணிக்குப் பீற்றூட், கரட், மிளகாய், வாழை என்று உள்ளூர்ச் சந்தை தினமும் கேட்கும் பயிர்கள்.

அக்கா சொல்லும் ஏற்றுமதிக்கு வருகிறேன். பச்சையாக வெங்காயமோ கிழங்கோ அனுப்பி இந்தியாவோடு விலையில் போட்டியிட முடியாது. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் நம் கடைகளில் விற்கும் சின்ன வெங்காயத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போவது. நமக்கு இடம் இருப்பது, யாழ்ப்பாணம் என்ற பெயருக்கே ஆட்கள் விலை கொடுக்கும் பொருட்களில்: வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, முருங்கையிலைத் தூள். காய்ந்த பொருள் கப்பலில் போகலாம். முருங்கைக்காய் விமானத்தில் போக வேண்டும், அந்தச் சரக்குக் கூலியே விலையைத் தின்றுவிடும். ஐரோப்பியச் சந்தை பீடைநாசினி எச்சத்தை ஆய்வுகூடத்தில் பார்க்கும். ஒரு தொகுதி தவறினால் வாங்கியவர் அடுத்த முறை உங்களை அழைக்கமாட்டார். வலிகாமத்தில் கண்டபடி பசளையும் மருந்தும் பாவித்து நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறிக் கிடப்பது தெரிந்ததே. அந்தப் பழக்கத்தோடு ஏற்றுமதிக்குப் போக முடியாது. விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்கு இப்போதே இரண்டு பரப்பு மிளகாயைப் பதிந்து, எந்த நாளில் என்ன தெளித்தீர்கள் என்று எழுதத் தொடங்குங்கள்.

நீங்களே ஏற்றுமதியாளராக வேண்டாம். ஏற்கனவே அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஒப்பந்தத்தில் கொடுங்கள். எழுத்தில் நான்கு விடயம் இருக்க வேண்டும்: விலை எப்போது நிர்ணயிக்கப்படும், டொலர் மாறினால் யாருக்கு இலாபம், தரம் தவறியது என்று யார் தீர்மானிப்பார், பணம் எத்தனை நாளில் வரும். மூன்றாவதை மழுப்புபவரிடம் சரக்கைக் கொடுக்காதீர்கள்.

கமக்காரர் அமைப்பில் பேசக் கிடைத்தால் ஒரு கோரிக்கையை அழுத்திச் சொல்லுங்கள். வரியைக் கூட்டு என்று மாசியில் கத்துவதால் பயன் இல்லை. அடுத்த மாசி, பங்குனிக்கான அறவீடு எவ்வளவு என்று புரட்டாதியிலேயே அறிவித்து, அந்தக் காலம் முடியும்வரை மாற்றாமல் இருக்கும்படி கேளுங்கள். குறைந்த தொகையாக இருந்தாலும் நடுமுன் தெரிந்தால் நீங்கள் கணக்குப் போடலாம். இறக்குமதியாளரும் போடலாம். நகரத்து நுகர்வோரையும் இது வதைக்காது. அமைச்சர்கள் இதைத் தரத் தயங்குவார்கள், ஏனென்றால் இரவோடிரவாக மாற்றும் வசதி அவர்களுக்குப் பிடித்தமானது.

அக்காவின் பணத்தைக் கிழங்கில் போடாதீர்கள். முதலில் விதைக்கிழங்குக் கடனில் வட்டி கூடிய பகுதியை அடையுங்கள். அடுத்து வெங்காயத்துக்குத் தகரத்தில் அல்லாமல் ஓலையால் வேய்ந்த, காற்று ஊடறுத்துப் போகும் ஒரு கொட்டில். மூன்றாவது, மண்ணெண்ணெய்ச் செலவைக் குறைக்கச் சூரிய சக்தியில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம். தோட்டத்துக்கு எத்தனை மணி நேர இறைப்பு வேண்டும் என்று அளந்த பிறகே வாங்குங்கள், விற்பவர் சொல்லும் அளவை வாங்காதீர்கள். மிளகாய் அரைக்கும் ஆலை, பொதியிடும் இயந்திரம் எல்லாம் முதல் ஒப்பந்தத்துக்கான பணம் கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம்.